லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

காரைக்குடியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கண்டனூரில் இருக்கிறேன். புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பெண்கள் கையில் ஃபைலோடு வீட்டுக்கு வருகிறார்கள். சில பேர் தேவகோட்டையிலிருந்தும் வருவார்கள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருக்கும், குழந்தை தங்கியிருக்காது. “சிஸ்டர், லேப்ராஸ்கோப்பி பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?” என்பதுதான் கேள்வி. வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன் அது.

“எதுக்காகப் பண்ணச் சொன்னாங்க?” என்று நான் கேட்டால் பல பேருக்குப் பதில் சொல்லத் தெரியாது. “உள்ளே என்ன இருக்குன்னு பாக்கறதுக்கு” என்பார்கள். அது போதாது. அந்த ஆபரேஷனில் எதைத் தேடப் போகிறார்கள், கிடைத்தால் என்ன செய்யப் போகிறார்கள், அதனால் குழந்தை தங்கும் வாய்ப்பு எப்படிக் கூடும் என்ற மூன்றும் தெரிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தழும்பு சின்னதாக இருக்கிறதே என்று முடிவையும் சின்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஆத்தா. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், போகும்போது எதை எடுத்துப்போக வேண்டும், வந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எப்போது போக வேண்டும்

பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால், சேர்ந்திருந்து ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால் போகலாம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருப்பார், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அப்படிப்பட்ட குடும்பத்தில் கல்யாணத் தேதியிலிருந்து கணக்குப் போட்டு “மூணு வருஷமாச்சு” என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். சேர்ந்திருந்த மாதங்களைத்தான் எண்ண வேண்டும். டாக்டரிடமும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சில பேர் அந்த ஒரு வருஷத்தைக்கூடக் காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளிப் போகிறவர்கள், விலக்கு நாளில் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வலி உள்ளவர்கள், தாம்பத்தியத்தில் ஆழத்தில் வலிக்கிறவர்கள், வயிற்றில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தவர்கள் எல்லாம் சீக்கிரமே பார்த்துவிடுவது நல்லது. மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் செய்திருந்தாலும், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியிருந்தாலும் அப்படியே. போகும் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, நாளுக்கு 400 மைக்ரோகிராம், ஆரம்பித்துவிடலாம்.

மாப்பிள்ளையின் ரிப்போர்ட் எங்கே?

ஃபைலைத் திறந்ததும் நான் தேடுவது இதைத்தான். பெண்ணுக்கு ரத்தம், ஸ்கேன், டியூப் டெஸ்ட் என்று கட்டுக் கட்டாக இருக்கும். மாப்பிள்ளையின் விந்துப் பரிசோதனை ஒரு தாள்கூட இருக்காது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அந்த ஒரு டெஸ்டைச் செய்யாமல் பெண்ணை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்பது சரியில்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மாமியார் முகம் சுளித்தாலும் சொல்லிவிடுவேன்.

டெஸ்டை ஒழுங்காகச் செய்யவும் ஒரு முறை இருக்கிறது. 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் கணக்குத் தப்பும். லேபிலேயே கொடுப்பது நல்லது. கூச்சமாக இருந்து வீட்டிலிருந்து கொண்டுபோனால், லேப் கொடுத்த டப்பாவில் பிடித்து, சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டினாற்போல் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் முன்பெட்டியில் வெயிலில் வைத்துக் கொண்டுபோனால் அந்த ரிப்போர்ட் எதற்கும் உதவாது. சாதாரண ஆணுறையில் பிடிக்கக் கூடாது, அதிலுள்ள வழவழப்பு மருந்து அணுக்களைக் கொன்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ்வரம்பு, ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவு மொத்தம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். “நாலு சதவீதம்தான் நல்லா இருக்குன்னு போட்டிருக்கு” என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடைசி எண்ணைச் சொல்கிறேன். அது இயல்புதான். குறைவாக வந்தால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். காய்ச்சல், புகையிலை, குடி எல்லாம் அந்த மூன்று மாதக் கணக்கில் காட்டும். அதனால் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் வந்த முதல் வாரத்திலேயே இந்த டெஸ்டை முடித்துவிடட்டும். தேவைப்பட்டால் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் கொடுத்து, விந்தை உறைநிலையில் சேமித்துவிட்டும் போகலாம். அவர் ஊரில் இல்லாதபோதும் சிகிச்சை நிற்காது.

பெண்ணுக்கு அடிப்படை டெஸ்டுகள் அதிகமில்லை. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை ஒன்று. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் ஒன்று. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே ஒன்று. இந்த எக்ஸ்ரேயை விலக்கு நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன்னால் எடுப்பார்கள். வலியில் குழாய் சுருங்கிக்கொண்டால் அடைப்பு மாதிரியே காட்டும். அதனால் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் அடைப்பு என்று வந்தால் உடனே மனசொடிந்து போக வேண்டாம்.

எதற்கு ஆபரேஷன் உதவும், எதற்கு உதவாது

முதலில் நீர்க்கட்டி. ஸ்கேனில் பி.சி.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் “கட்டியை எடுக்கணுமாம்” என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். அங்கே வெட்டி எடுக்க வேண்டிய கட்டி எதுவும் இல்லை. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள்தான் வரிசையாகத் தெரிகின்றன. எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பல பேருக்கு விலக்கு ஒழுங்காகிறது. முட்டை வளர முதல் மருந்து லெட்ரோசோல் மாத்திரை. அதற்கும் வளராதபோது சினைப்பையில் மின்சார ஊசியால் சில புள்ளிகள் வைக்கும் ‘டிரில்லிங்’ ஒரு வழி. அதுவும் அளவோடு செய்ய வேண்டும், அதிகமானால் முட்டை இருப்பு குறையும். மாத்திரையே கொடுத்துப் பார்க்காமல் நேராக டிரில்லிங் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கர்ப்பப்பைக் கட்டி, அதாவது ஃபைப்ராய்டு என்றால், அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருப்பது கரு ஒட்டுவதைக் கெடுக்கும். அதை எடுத்தால் பலன் உண்டு, அதுவும் பெரும்பாலும் வயிற்றில் ஓட்டையே இல்லாமல், கீழ்வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஹிஸ்டெரோஸ்கோப்பியில். வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருப்பது குழந்தை தங்குவதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. சுவருக்குள் இருப்பதைப் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. அளவையும் உள்ளறையை அழுத்துகிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் கட்டியைத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே கொண்டுவர முடியும். கட்டிக்குள் தெரியாமல் புற்று இருந்தால் அந்தத் துண்டுகள் வயிற்றுக்குள் சிதறிப் பரவும் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அரிதுதான். என்றாலும் பைக்குள் வைத்து வெட்டுவீர்களா என்று கேட்பதில் தப்பில்லை.

குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் நிலைமை வேறு. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்து கருவைத் தங்கவிடாது. ஐ.வி.எஃப். என்ற சோதனைக் குழாய் முறைக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் அந்தக் குழாயை எடுத்துவிடுவதோ கிளிப் போட்டு அடைப்பதோ கர்ப்பம் தங்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. “குழந்தைக்காக வந்தோம், குழாயையே எடுக்கறாங்களே” என்று அம்மாமார் தவித்துப்போவார்கள். கெட்டுப்போன குழாயை விட்டுவைப்பதால்தான் இங்கே நஷ்டம். நம் நாட்டில் குழாய் கெடுவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் குழாயில் மட்டும் வந்திருக்கும். சந்தேகப்பட்டால் கர்ப்பப்பை உள்தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உறுதியானால் குறைந்தது ஆறு மாத மருந்து, அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முடிக்காமல் ஐ.வி.எஃப்.புக்குப் பணம் கட்டாதீர்கள்.

இப்போது சாக்லேட் சிஸ்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெண்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

கர்ப்பப்பையின் உள்தோல் மாதிரியான திசு வெளியே, சினைப்பையிலும் குழாயிலும் குடலிலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பைக்குள் வளர்ந்தால் பழைய ரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்பாகக் கெட்டியாகிவிடும். தியேட்டரில் அதைத் திறந்தால் உருகிய சாக்லேட் நிறத்தில் வழியும். அந்தப் பையின் தோலைச் சினைப்பையிலிருந்து உரித்து எடுப்பார்கள். வெங்காயச் சருகை உரிக்கும்போது கூடவே சதையும் கொஞ்சம் வருகிறதல்லவா, அதே மாதிரி அந்தத் தோலோடு நல்ல முட்டைகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. எவ்வளவு கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும் ஓரளவு போகத்தான் செய்யும். ரத்தம் நிற்கக் கரண்டு வைக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். இரண்டு பக்கமும் சிஸ்ட் இருந்தால், அல்லது இது இரண்டாவது ஆபரேஷன் என்றால், நஷ்டம் அதிகம்.

அதனால் ஏ.எம்.ஹெச். பார்க்காமல் சாக்லேட் சிஸ்ட் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். எஷ்ரே என்ற ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஐ.வி.எஃப். பலனைக் கூட்டுவதற்கென்று மட்டும் சாக்லேட் சிஸ்ட்டை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நோயைக் கண்டுபிடிக்கக்கூட எல்லாருக்கும் லேப்ராஸ்கோப்பி வேண்டியதில்லை, ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் பல நேரம் போதும் என்பதும் அதில் உண்டு. வலி தாங்க முடியவில்லை, சிஸ்ட் பெரிதாகிறது, புற்றுச் சந்தேகம் இருக்கிறது, முட்டை எடுக்கும் ஊசி போக வழியில்லை என்றால் ஆபரேஷனுக்குக் காரணம் இருக்கிறது. முட்டை இருப்பு ஏற்கெனவே குறைவு, வயது 35 தாண்டிவிட்டது என்றால் “ஆபரேஷனுக்கு முன்னால் முட்டையோ கருவோ எடுத்து உறைய வைக்கலாமா டாக்டர்?” என்று கட்டாயம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல், 29 வயதில் இரண்டு பக்கமும் உரித்துவிட்டு, அப்புறம் ஏ.எம்.ஹெச். ரிப்போர்ட்டோடு என் வீட்டு முகப்பில் உட்கார்ந்து அழுத பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர், பாலிப் என்ற சதை வளர்ச்சி, ஒட்டுத்தழும்பு என்றால் ஹிஸ்டெரோஸ்கோப்பி. கீழ்வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. வெட்டுக்காயம் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

தேதி வாங்கிய பிறகு

விலக்கு நின்ற மறுவாரத்தில் தேதி கொடுப்பார்கள். உள்தோல் மெல்லியதாக இருக்கும், கர்ப்பம் இல்லை என்பதும் நிச்சயம். தைராய்டு, சர்க்கரை, ஆஸ்பிரின் மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். கருத்தரிக்கவென்று நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள். பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ நேர்ந்துகொள்வதில் ஒரு தடையும் இல்லை, விரதம் மட்டும் ஆபரேஷன் வாரத்தில் வேண்டாம்.

திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் எப்போது வரை என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு வாய் பால் குடித்தேன் என்றால்கூட ஆபரேஷன் தள்ளிப்போகும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். தாலியும் மெட்டியும் அதில் அடக்கம். இதில்தான் தியேட்டர் வாசலில் கண்ணீரும் சண்டையும் நடக்கும். உள்ளே கரண்டு வைத்து ரத்தம் நிறுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் சூடுபடலாம். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் படுக்கவைப்பதால் கழுத்தும் விரலும் வீங்கும், அப்போது நகை இறுக்கும். முதல் நாளே மாமியாரிடம் பேசிவிடுங்கள். தாலிச் சங்கிலியை அவர் கையிலேயே கழற்றிக்கொடுத்து, வேண்டுமென்றால் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று தியேட்டரில் கேட்டுக்கொள்ளலாம். நான் இருந்தவரை கயிற்றுக்கு மறுப்பு சொன்னதில்லை. நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகப் படிக்க வேண்டும். மருதாணியும் அந்த வாரம் வேண்டாம்.

சம்மதப் படிவத்தை முதல் நாளே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். உள்ளே போன பிறகு குழாய் கெட்டிருந்தால் எடுக்கலாமா, இல்லை எழுப்பிக் கேட்ட பிறகுதானா? ரத்தம் அதிகமாகி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால்? சினைப்பையில் எதிர்பாராத கட்டி இருந்தால்? இதற்கெல்லாம் உங்கள் பதிலை எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. “எல்லாம் டாக்டர் பாத்துக்குவார்” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. உடம்பு உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உள்ளே என்ன நடக்கும்

முழு மயக்கம். தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு கீறல், அடிவயிற்றில் அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டோ மூன்றோ. கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஏற்றி வயிற்றை உப்பவைப்பார்கள். அப்போதுதான் குடல் ஒதுங்கி கேமராவுக்கு இடம் கிடைக்கும்.

அந்தத் திரையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தும் சலிக்காதது டை டெஸ்ட். கீழே கர்ப்பப்பை வாய் வழியாக நீல மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றுவோம். டாக்டர் கேமராவைக் குழாயின் நுனிக்குக் கொண்டுபோய்க் காத்திருப்பார். குழாய் மெதுவாக நீலம் பாரித்துக்கொண்டே வரும். நுனியில் விரல் விரலாக விரிந்திருக்கும் இளஞ்சிவப்புத் திசுவிலிருந்து நீலம் சொட்டினால் “வலது ஓப்பன்” என்று டாக்டர் சொல்லுவார், நான் எழுதுவேன். சொட்டாமல் குழாய் மட்டும் உப்பினால் நுனியில் அடைப்பு. நீலமே ஏறவில்லை என்றால் அடிப்பக்கம் அடைப்பு. ஆபரேஷன் முடிந்து எழுந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான், இரண்டு குழாயிலும் டை வந்ததா, எப்படி வந்தது?

வீட்டுக்கு வந்ததும்

தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது, இதயமோ என்று பயந்து நடுராத்திரியில் போன் செய்வார்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. படுத்தால் குறையும், உட்கார்ந்தால் கூடும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்று சாயந்தரமே எழுந்து நடக்க ஆரம்பித்தால் நல்லது. சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், நீல மருந்துதான், ஒரு நாளில் தெளிந்துவிடும். லேசான ரத்தக்கசிவு சில நாள் இருக்கலாம்.

சாப்பாட்டில் பத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம். வயிற்று உப்பல் இறங்கியதும் வழக்கமான சாப்பாடு. மருமகளுக்குச் சத்து ஏற்றுகிறேன் என்று மறுநாளே கவுனி அரிசியும் உளுந்தங்களியும் நெய்யுமாகக் கொடுத்து வயிறு உப்பிவிட்டால் அது எதனால் உப்பியது என்று எங்களுக்கே குழம்பும். ஒரு வாரம் பொறுங்கள்.

வளவு வீடுகளில் இருக்கிறவர்கள் வீட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாசல் படிகள் உயரம், ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் பட்டால் வழுக்கும். பல வீடுகளில் குளியலறை பின்கட்டில் இருக்கும். முகப்புக்குப் பக்கத்து அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டு, முதல் இரண்டு நாள் போகவர ஒரு ஆள் துணைக்கு இருக்கட்டும். படி ஏறுவதே தப்பில்லை, மெதுவாக ஏறலாம். தண்ணீர்க் குடம், அண்டா, அரிசி மூட்டை இரண்டு வாரத்துக்குத் தூக்கக் கூடாது. ஃபைப்ராய்டு எடுத்தவர்களுக்கு ஆறு வாரம்.

முக்கியமான ஒரு அடையாளம் சொல்கிறேன். லேப்ராஸ்கோப்பி வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் வலி முதல் நாளைவிட அதிகமாக இருக்கிறது, காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், வாந்தி நிற்கவில்லை, வயிறு கல் மாதிரி இறுகுகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ பட்ட காயம் சில நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் மூச்சு வாங்கினாலும் அதே.

டிஸ்சார்ஜ் தாளை விடாதீர்கள்

“லேப்ராஸ்கோப்பி செய்யப்பட்டது, பேஷண்ட் நலம்” என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்த தாளோடு ஒரு பெண் வந்தாள். மதுரையில் ஐ.வி.எஃப். டாக்டர் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாமல் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஆபரேஷன் குறிப்பு: இரண்டு குழாயின் நிலை, டை முடிவு, சினைப்பை, ஒட்டுதல் எங்கெங்கே, எண்டோமெட்ரியோசிஸ் எந்த நிலை, என்ன எடுத்தார்கள். வீடியோவோ படமோ இருந்தால் பென் டிரைவில். எடுத்த திசுவின் பயாப்சி ரிப்போர்ட். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால், உள்ளே கண்டதை வைத்து 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட முடியும். இயற்கையாக முயற்சி செய்யலாமா, நேரே ஐ.வி.எஃப்.பா என்று முடிவெடுக்க அது உதவும். ஃபைப்ராய்டு எடுத்திருந்தால் கர்ப்பப்பைச் சுவரை எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பது பிரசவம் வரைக்கும் வேண்டும். ஆழமாக வெட்டியிருந்தால் பிரசவ வலியில் தழும்பு விட்டுவிடலாம் என்பதால் சிசேரியன் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு

ஆபரேஷன் முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைத்து இரண்டு வருஷம் சும்மா இருந்துவிடுகிறார்கள். கூடாது. எவ்வளவு நாள் இயற்கையாக முயற்சி செய்யலாம் என்று மாதக் கணக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டை டெஸ்ட் மட்டும் என்றால் அடுத்த விலக்கிலிருந்தே முயலலாம். ஃபைப்ராய்டு என்றால் 3 முதல் 6 மாதம் இடைவெளி. குழாய் திறந்திருந்து, விந்து சுமாராக இருந்தால் கர்ப்பப்பைக்குள் விந்து செலுத்தும் ஐ.யு.ஐ. சில முறை பார்க்கலாம். இரண்டு குழாயும் அடைப்பு என்றால் ஐ.யு.ஐ.யால் பயனில்லை, ஐ.வி.எஃப். தான்.

ஐ.வி.எஃப்.புக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் பழைய உறவு. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்த, உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கான முட்டையை டாக்டர் ஸ்டெப்டோ லேப்ராஸ்கோப் மூலமாகத்தான் எடுத்தார். இப்போது அது வேண்டியதில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே கீழ்வழியாக ஊசி விட்டு எடுக்கிறார்கள்.

விலக்கின் 2 அல்லது 3-ஆம் நாள் ஊசி ஆரம்பம், ஏறக்குறைய 10 நாள். நடுவில் ஸ்கேன்கள். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஒவ்வொரு முறையும் போய்வருவது உடம்பைப் படுத்தும். நடு ஸ்கேன்களை ஊரிலேயே எடுத்து அனுப்பலாமா என்று கேளுங்கள், சில டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருந்தால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், மருந்து உறைந்தாலும் கெட்டுவிடும். கடைசி ‘ட்ரிகர்’ ஊசிக்குச் சொன்ன நேரம் என்றால் அந்த நேரம்தான், ராத்திரி பதினொன்றே காலானாலும் சரி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். தாமதமானால் முட்டை வெடித்துப் போய்விடும். கருவை 3 அல்லது 5-ஆம் நாள் வைப்பார்கள், இல்லை உறையவைத்து அடுத்த மாதம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஊசியில் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கலாம். வயிறு உப்பி, எடை சட்டென்று ஏறி, சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த மையத்தின் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். 2021-ஆம் வருஷச் சட்டப்படி பதிவில்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை செய்யக் கூடாது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் அனுமதி. மருந்து, மயக்கம், உறைய வைக்கும் வாடகை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். ஆண் குழந்தையாகப் பார்த்து வைத்துத்தருகிறோம் என்று யாராவது காதில் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள், அது குற்றம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோவில் பங்காளிகளுக்குள் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்து எடுப்பது, நகரத்தார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. அது தோற்றவர்கள் போகும் வழி என்று யாரும் இங்கே நினைத்ததில்லை. எல்லாச் சமூகத்தாரும் ‘காரா’ என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம் வழியாகச் சட்டப்படி தத்து எடுக்கலாம்.

கடைசியாக, நாள் தள்ளிப்போய் டெஸ்டில் இரண்டு கோடு வந்துவிட்டால் செய்ய வேண்டியது. குழாயில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், குழாய் ஒருமுறை கெட்டவர்களுக்கும் கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஐ.வி.எஃப்.பில் வந்த கர்ப்பத்திலும் அது நடக்கலாம். அதனால் மூன்றாம் மாதம் வரட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் பொத்திவைத்திருக்கும் வழக்கத்தை டாக்டரிடம் மட்டும் காட்டாதீர்கள். கடைசி விலக்கிலிருந்து ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குள் ஒருபக்கம் மட்டும் அடிவயிறு வலித்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டாலோ மதுரை டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய், “டெஸ்ட் பாசிட்டிவ், குழாயில் ஆபரேஷன் ஆகியிருக்கு” என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.